சோயா மெழுகு வாங்கப் போறீங்களா? விலையைப் பார்க்கும் முன் வெயிலைப் பாருங்க!

"ஏன்டி, மெழுகுவத்தி கேட்டா நெய் அனுப்பியிருக்கீங்களேனு சொல்றாங்கடி..."

போன மே மாதம், ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் மதியம், திருச்சியிலிருந்து அக்கா போன் செய்தபோது குரல் உடைந்திருந்தது. பெரியம்மா மகள். இரண்டு வருடமாக வீட்டிலேயே வாசனை மெழுகுவத்தி செய்து, தெரிந்தவர்களுக்கு விற்றுக்கொண்டிருக்கிறார். அவருக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் அதுதான். கல்யாண ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கு மல்லிகை வாசனையில் 60 சின்ன கண்ணாடி ஜாடிகள், ஒன்று 180 ரூபாய். மொத்தம் 10,800 ரூபாய். அதில் 5,000 முன்பணமாக வாங்கியிருந்தார்.

ஜாடிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி, காலை 11 மணிக்குக் காரில் ஏற்றி, கரூரில் உள்ள மண்டபத்துக்கு அனுப்பியிருக்கிறார். கொண்டுபோனவர் வழியில் சாப்பிட இறங்கியபோது, காரை வெயிலில் நிறுத்திவிட்டார். ஒரு மணி நேரம்தான். பெட்டியைத் திறந்தால், ஜாடி பாதி எண்ணெயாக மிதக்கிறது. திரி சாய்ந்து கிடக்கிறது. வாசனை எண்ணெய் வழிந்து, மணமக்கள் பெயர் அச்சடித்த அட்டையெல்லாம் கறை.

முன்பணத்தை அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிட்டார் அக்கா. மெழுகு, ஜாடி, வாசனை எண்ணெய் என்று அவர் கைக்காசு 7,500 ரூபாய் போனது.

இதில் எனக்கும் பங்கு உண்டு. 'அக்கா, இது கிலோ 260 ரூபாய்தான், நல்ல ஸ்டார் ரேட்டிங்' என்று அந்த 10 கிலோ மெழுகின் லிங்க்கை அனுப்பியது நான். பாக்கெட்டின் மேல் '100 சதவிகிதம் இயற்கை சோயா' என்று எழுதியிருந்தது. வேறெதுவும் இல்லை. நாங்களும் வேறெதுவும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, 'இதன் உருகுநிலை என்ன?' என்று விற்றவருக்கு மெசேஜ் போட்டேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: '44 - 46 டிகிரி மேடம்.'

கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார். கேட்காதது எங்கள் தப்பு. அந்தக் கேள்வியையும், அதற்குப் பிறகு கற்றுக்கொண்ட மற்ற கேள்விகளையும்தான் இந்த வாரம் உங்களுக்குத் தருகிறேன்.

டால்டாவுக்கு உறவு

சோயா மெழுகு என்றதும் ஏதோ புதுப்பொருள் என்று தோன்றும். உண்மையில் நம் சமையலறைக்குத் தெரிந்த சங்கதிதான். சோயா பீன்ஸிலிருந்து எடுக்கும் எண்ணெய் திரவமாக இருக்கும். அதை நிக்கல் வினையூக்கியுடன் சூடாக்கி, ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் எண்ணெய் கெட்டியாகும். தாவர எண்ணெயை வனஸ்பதியாக்குவதும் இதே முறையில்தான். அதாவது, சோயா மெழுகு டால்டாவின் உறவுக்காரர். தொட்டால் விரலில் கொழகொழவென்று ஒட்டுவது அதனால்தான்.

1990-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மைக்கேல் ரிச்சர்ட்ஸ் என்பவர், தேன்மெழுகுக்கு விலை குறைந்த மாற்று தேடிக்கொண்டிருந்தார். அயோவா, சோயா விளையும் பூமி. அங்கே அவர் உருவாக்கிய சோயா மெழுகு பிறகு உலகம் முழுக்கப் பரவியது. நம் நாட்டிலும் மத்தியப்பிரதேசத்திலும் மகாராஷ்டிராவிலும் சோயா ஏராளமாக விளைகிறது. கடைகளில் இறக்குமதி மெழுகு, உள்நாட்டு மெழுகு இரண்டும் கிடைக்கின்றன.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். ஹைட்ரஜன் எவ்வளவு ஏறுகிறதோ, அவ்வளவு கெட்டியாகும். முழுக்க ஏற்றினால் உருகுநிலை 65 டிகிரி செல்சியஸையும் தாண்டும். ஆனால், அது கண்ணாடியில் நன்றாக ஒட்டாது, நொறுங்கும். அதனால் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கு வேண்டிய அளவுக்குக் கெட்டியாக்கி, கலந்து விற்கிறது. ஆகவே, 'சோயா மெழுகு' என்பது ஒரே பொருளின் பெயர் இல்லை. அரிசி என்று சொல்வது மாதிரி. பச்சரிசியா, இட்லி அரிசியா, பிரியாணி அரிசியா என்று கேட்காமல் யாராவது மூட்டை வாங்குவோமா? நாங்கள் வாங்கினோம்.

முதல் கேள்வி: எத்தனை டிகிரியில் உருகும்?

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டில் உறைந்துபோவதையும், வெயில் ஏறியதும் உருகுவதையும் பார்த்திருக்கிறோம். தேங்காய் எண்ணெயின் உருகுநிலை சுமார் 24 டிகிரி. அறையின் வெப்பம் அதற்குக் கீழே போனால் கட்டி, மேலே போனால் திரவம். மெழுகுக்கும் இதே கணக்குதான்.

ஜாடியில் ஊற்றும் சோயா மெழுகுகள் பெரும்பாலும் 45-லிருந்து 55 டிகிரிக்குள் உருகுபவை. பத்து டிகிரி வித்தியாசம்தானே என்று நினைக்கலாம். ஏசி ஓடும் வீட்டில் அது பெரிதில்லை. திருச்சியில், வேலூரில், மதுரையில், மே மாதத்தில் வெளியே 40 டிகிரி அடிக்கும்போது அந்தப் பத்து டிகிரிதான் உங்கள் வியாபாரம்.

இன்னொன்றும் உண்டு. உருகுநிலைக்குக் கொஞ்சம் கீழே இருக்கும்போதே மெழுகு இளகத் தொடங்கிவிடும். 45 டிகிரியில் உருகும் மெழுகு, 38 - 40 டிகிரியிலேயே விரல் வைத்தால் பள்ளம் விழும் பதத்துக்கு வந்துவிடும். வாசனை எண்ணெய் கலந்தால் இன்னும் இளகும். நாங்கள் 'வாசனை தூக்கலா இருக்கட்டும்' என்று 10 சதவிகிதம் எண்ணெய் வேறு கலந்திருந்தோம்.

ஆன்லைனில் தேடினால் அமெரிக்க வீடியோக்கள் பலவற்றில் 'கோல்டன் வாக்ஸ்' வரிசையின் பெயர்கள் வரும். இவற்றை எண்களால்தான் அழைப்பார்கள். ஒரே வரிசையிலேயே 464 என்பதன் உருகுநிலை 46 - 48 டிகிரி. 444 என்பது 50 டிகிரியை ஒட்டி உருகும், கொஞ்சம் கெட்டி. இரண்டுமே ஜாடிக்கான நல்ல மெழுகுகள்தான். ஆனால், வெயில் ஊர்க்காரர் எதைத் தேட வேண்டும் என்பதை அந்த வீடியோக்கள் சொல்லாது. அவர்கள் ஊர் வேறு, நம் ஊர் வேறு. எனவே எந்தக் கம்பெனியாக இருந்தாலும், நம் ஊர் சமவெளிக்கு 50 டிகிரிக்கு மேல் உருகும் ஜாடி மெழுகைத் தேடுங்கள். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் வெப்பம் 55 - 60 டிகிரியைக்கூடத் தொடும். அங்கே எந்த ஜாடி சோயா மெழுகும் தாங்காது. கெட்டி மெழுகு வாங்கிவிட்டோம் என்று டெலிவரியில் அசட்டையாக இருக்கக் கூடாது. கோடையில் அதிகாலையில் அல்லது இருட்டிய பிறகு அனுப்புவதுதான் சரி. தெர்மாகோல் பெட்டி கூடுதல் பாதுகாப்பு.

தேன்மெழுகு கலக்கலாமா?

வாங்கிய மெழுகு இளகலாக இருந்தால் தூக்கிப் போட வேண்டியதில்லை. தேன்மெழுகின் உருகுநிலை 62 - 65 டிகிரி. 100 கிராமுக்கு 10 கிராம் என்ற கணக்கில் தேன்மெழுகைச் சேர்த்தால் கெட்டித்தன்மை கூடும். மீதம் இருந்த இரண்டரைக் கிலோவை அக்கா இப்படித்தான் தேற்றினார். ஆனால், தேன்மெழுகுக்கென்று ஒரு மணமும் மஞ்சள் நிறமும் உண்டு. மல்லிகை மாதிரி மெல்லிய வாசனையை அது அமுக்கிவிடும். பட்டை, கிராம்பு, சந்தனம் போன்ற அழுத்தமான வாசனைகளுக்குப் பொருந்தும். மெழுகு கெட்டியானால் திரியும் ஒரு அளவு பெரியதாகத் தேவைப்படலாம்.

தேங்காய் மெழுகு கலந்த சோயாவும் இப்போது நிறைய விற்கிறது. பார்க்க வழவழவென்று அழகாக இருக்கும். ஆனால், பொதுவாக இளகல் ரகம். அதை வாங்குவதற்கு முன் உருகுநிலையைக் கட்டாயம் கேளுங்கள்.

இரண்டாவது கேள்வி: ஜாடிக்கா, அச்சுக்கா?

ரோஜாப்பூ வடிவம், லட்டு வடிவம், குமிழ் குமிழாக இருக்கும் சதுர வடிவம்... சிலிக்கான் அச்சில் வார்த்து எடுக்கும் மெழுகுவத்திகளுக்கு இப்போது நல்ல மவுசு. இதற்கு ஜாடி மெழுகை வாங்கினால் தொலைந்தோம். ஜாடி மெழுகு, கண்ணாடியை விட்டு விலகாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதற்காகத் தயாரிக்கப்பட்டது. அச்சிலிருந்து எடுத்தால் இதழ் ஒடியும், ஓரம் மழுங்கும், வெயிலில் அல்வா மாதிரி சாயும்.

அச்சுக்கு 'பில்லர்' என்று பெயரிட்ட கெட்டி மெழுகு வேண்டும். அது ஆறும்போது லேசாகச் சுருங்கி, அச்சிலிருந்து தானாக விலகும். உருகுநிலையும் அதிகம். அதே பில்லர் மெழுகை ஜாடியில் ஊற்றினால், சுவரிலிருந்து விலகி இடைவெளி விழும். ஆக, எதில் ஊற்றப் போகிறீர்கள் என்று முதலில் முடிவெடுங்கள், பிறகு மெழுகு வாங்குங்கள்.

மூன்றாவது கேள்வி: கலப்பா, சுத்தமா?

பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பாரஃபின் மெழுகு, கரன்ட் போனால் நாம் ஏற்றும் வெள்ளை மெழுகுவத்தியில் இருப்பது. அதையும் சோயாவையும் கலந்து விற்பது உலகம் முழுக்க நடக்கிறது. கலப்பது குற்றமில்லை. பாரஃபின் கலந்தால் மெழுகு கெட்டியாகும், எரியும்போது வாசனையும் எடுப்பாக வரும். நம் வெயிலுக்கு அது ஒரு நியாயமான தேர்வுகூட. கலந்துவிட்டு '100 சதவிகிதம் சோயா' என்று சொல்லி விற்பதுதான் தவறு. அதை நம்பி நாம் அதே வாசகத்தை நம் லேபிளில் அச்சடித்தால், நாளை வாடிக்கையாளர் முன் தலைகுனிவது நாம்தான்.

வீட்டிலேயே கவனிக்கக்கூடிய சில அடையாளங்கள் உண்டு:

- சோயா உறைந்த நிலையில் பால் போல, ஒளி ஊடுருவாமல் இருக்கும். பாரஃபின் லேசாகக் கண்ணாடித்தன்மையோடு இருக்கும்.

- உருக்கினால், சோயா சமையல் எண்ணெய் மாதிரி வெளிர்மஞ்சளாகத் தெரியும். பாரஃபின் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும்.

- சோயா ஒட்டிய பாத்திரம் வெந்நீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் போய்விடும். பாரஃபின் அவ்வளவு எளிதில் போகாது.

இவை அடையாளங்கள்தான், சான்றிதழ் இல்லை. கால்வாசி பாரஃபின் கலந்திருந்தால் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். பொருளின் தகவல் தாளைக் கேளுங்கள். உருகுநிலை, என்ன வகை, எந்த அளவு வாசனை தாங்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். தர மறுப்பவரிடம் மூட்டையாக வாங்காதீர்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. 'சோயா மெழுகுவத்தி புகையே விடாது, கெமிக்கலே இல்லாதது' என்ற விளம்பரத்தை நாமும் திருப்பிச் சொல்ல வேண்டாம். தடிமனான திரி போட்டாலோ, மேலே மின்விசிறி சுற்றினாலோ, சோயாவும் கரி கக்கும். அதில் நாம் கலக்கும் வாசனை எண்ணெய் பெரும்பாலும் தொழிற்சாலையில் தயாரானது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தை இருப்பவர்கள் எந்த வாசனை மெழுகுவத்தியையும் யோசித்தே ஏற்ற வேண்டும். சோயா தாவரத்திலிருந்து வருகிறது, கழுவ எளிது, குறைந்த சூட்டில் நிதானமாக எரியும். நல்லது சொல்ல இவை போதும்.

நான்காவது கேள்வி: எவ்வளவு வாசனை தாங்கும்?

ஒவ்வொரு மெழுகும் ஒரு அளவு வரைதான் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோயாவில் பொதுவாக 6 முதல் 10 சதவிகிதம். அதாவது, ஒரு கிலோ மெழுகுக்கு 60 முதல் 100 கிராம். அளவு மீறினால் மேலே வியர்வை மாதிரி எண்ணெய் துளிர்க்கும், திரி அடைத்துக்கொள்ளும், சுடரும் தாறுமாறாக எரியும்.

செலவுக் கணக்கிலும் இது முக்கியம். மெழுகைவிட வாசனை எண்ணெய்தான் விலை அதிகம். அக்காவின் 60 ஜாடிகளுக்கு மெழுகு 2,600 ரூபாய், எண்ணெய் 2,800 ரூபாய். கிலோவுக்கு 50 ரூபாய் குறைவு என்று மலிவு மெழுகு வாங்கி, அது வாசனையைச் சரியாக வெளியே விடாததால் எண்ணெயைக் கூட்டிப் போட்டால், மிச்சம் பிடித்தது எல்லாம் எண்ணெயில் போய்விடும்.

எண்ணெயைக் கிராமில் அளந்து கலங்கள். மூடியால், ஸ்பூனால் அளக்க வேண்டாம். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். மெழுகுவத்திக்கென்று விற்கும் எண்ணெய்யைத்தான் வாங்க வேண்டும். பன்னீர், சென்ட் இதையெல்லாம் ஊற்றக் கூடாது. தண்ணீர் மெழுகோடு சேராது. சென்ட்டில் உள்ள ஆல்கஹால் தீப்பிடிக்கும். சந்தனப் பொடி திரியை அடைக்கும். காய்ந்த ரோஜா இதழைத் திரிக்குப் பக்கத்தில் வைத்தால் அதுவே இன்னொரு திரியாகிவிடும்.

வெள்ளை பூத்தால் பயப்படாதீர்கள்

சோயா மெழுகில் சில நாள்களில் மேலே வெள்ளையாகப் பனி படர்ந்த மாதிரி பூக்கும். கலர் சேர்த்திருந்தால் பளிச்சென்று தெரியும். பூஞ்சையோ என்று பலர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். உருகி மறுபடி உறைந்த சாக்லேட்டின் மேல் வெள்ளை படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். கொழுப்பு படிகமாக மாறும்போது ஏற்படும் தோற்றம். எரிவதிலோ வாசனையிலோ குறை இருக்காது.

இதைக் குறைக்க வழி உண்டு. ஊற்றியதும் ஃபேன் காற்றிலோ ஏசி அறையிலோ வைக்காமல், நிதானமாக ஆறவிடுங்கள். ஜாடிகளுக்கு நடுவில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். கலர் இல்லாமல் கிரீம் நிறத்திலேயே விட்டால் பூத்தாலும் தெரியாது. பீங்கான் கிண்ணமோ, வெளியே தெரியாத நிற ஜாடியோ இன்னும் நல்லது.

ஒரு கிலோவில் ஒரு பரீட்சை

இதுதான் நாங்கள் செய்யாமல் விட்டது. எந்த மெழுகையும் முதலில் ஒரே ஒரு கிலோ வாங்குங்கள். விற்பனைக்கு நினைத்திருக்கும் அதே ஜாடி, அதே திரி, அதே வாசனை. அதில் நான்கு ஜாடி செய்யுங்கள்: ஒன்று வாசனையே இல்லாமல், மற்ற மூன்றும் 6, 8, 10 சதவிகிதம்.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். தர்மாமீட்டர் அவசியம். 75 - 80 டிகிரியில் எண்ணெயைச் சேர்த்து, இரண்டு நிமிடம் மெதுவாகக் கிளறி, 60 டிகிரிக்கு இறங்கியதும் ஊற்றலாம். மெழுகுக்கு மெழுகு இந்த அளவு கொஞ்சம் மாறும், தகவல் தாளைப் பாருங்கள். அடுப்பில் மெழுகை வைத்துவிட்டு நகரவே கூடாது. தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீ சிதறும். அடுப்பை அணைத்துவிட்டு, தட்டால் மூடுங்கள்.

ஊற்றிய மறுநாளே ஏற்றிப் பார்த்து, 'வாசனையே இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். சோயாவுக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஓய்வு வேண்டும். ஊறுகாய் ஊறுகிற மாதிரிதான். மூடி போட்டு வையுங்கள்.

அதற்குப் பிறகு இரண்டு சோதனைகள்.

முதலாவது, வெயில் சோதனை. மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில், பீரோவின் மேல், நான்கு ஜாடிகளையும் ஒரு வாரம் வையுங்கள். பக்கத்தில் ஒரு அறை வெப்பமானி. மதியம் 3 மணிக்கு மேற்பரப்பை விரலால் அழுத்திப் பாருங்கள். ஜாடியைச் சாய்த்துப் பாருங்கள். எண்ணெய் துளிர்க்கிறதா, திரி நகர்கிறதா? நகர்ந்தால் அந்த மெழுகு கோடைக்கு ஆகாது. மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, எரியும் சோதனை. ஃபேனை நிறுத்திவிட்டு ஏற்றுங்கள். இரண்டு, மூன்று மணி நேரத்தில் உருகிய மெழுகு ஜாடியின் ஓரம் வரை வர வேண்டும். நடுவில் மட்டும் குழி விழுந்தால் திரி சிறியது. சுடர் உயரமாகி ஜாடி தொட முடியாமல் கொதித்தால் திரி பெரியது. நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து எரிக்க வேண்டாம். அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் கண்ணாடி விரிசல் விடும். டீ கிளாஸ், மெல்லிய ஜூஸ் கிளாஸ் வேண்டவே வேண்டாம்.

மூன்று வாரம் பிடிக்கும் வேலைதான். ஆனால், இதற்கு ஆகிற செலவு ஒரு கிலோ மெழுகும் நான்கு ஜாடியும்தான்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. உருகுநிலை எத்தனை டிகிரி? (தமிழ்நாட்டுச் சமவெளிக்கு 50-க்கு மேல் நல்லது.)

2. ஜாடிக்கான மெழுகா, அச்சுக்கான மெழுகா?

3. சுத்தமான சோயாவா, கலப்பா? கலப்பு என்றால் எது, எவ்வளவு?

4. எத்தனை சதவிகிதம் வாசனை எண்ணெய் தாங்கும்?

5. தகவல் தாள் தருவீர்களா?

6. மூன்று மாதம் கழித்து வாங்கினாலும் இதே மெழுகு கிடைக்குமா? பாக்கெட்டில் பேட்ச் எண் இருக்கிறதா?

ஆறாவது கேள்வியை அலட்சியமாக நினைக்காதீர்கள். தாவர எண்ணெய் என்பதால் பேட்ச்சுக்கு பேட்ச் சின்ன வித்தியாசம் வரும். கடைக்காரர் சத்தமில்லாமல் கம்பெனியை மாற்றினால், நீங்கள் பார்த்துப் பார்த்துப் பிடித்து வைத்த திரிக் கணக்கெல்லாம் மாறிவிடும். புது மூட்டை பிரித்ததும் ஒரு ஜாடி சோதனை செய்வது நல்ல பழக்கம்.

அக்கா என்ன செய்தார்?

ஜூன் முழுக்க எந்த ஆர்டரும் எடுக்கவில்லை. மூன்று கம்பெனி மெழுகுகளை ஒவ்வொரு கிலோ வாங்கினார். 12 ஜாடிகள். பெரியம்மாவின் பழைய மளிகைக் கணக்கு நோட்டில் மெழுகின் பெயர், உருகுநிலை, எண்ணெய் சதவிகிதம், ஊற்றிய தேதி, மதியம் 3 மணி வெப்பம் என்று கட்டம் போட்டு எழுதினார். "ப்ராக்டிகல் நோட்டுகூட நான் இவ்வளவு ஒழுங்கா எழுதினதில்லடி" என்று சிரித்தார். கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது 52 டிகிரியில் உருகும் மெழுகு. கிலோவுக்கு 90 ரூபாய் அதிகம். வாசனை 8 சதவிகிதம்.

ஒரு ஜாடிக்கு மெழுகுச் செலவு எவ்வளவு கூடியது என்று போட்டுப் பார்த்தோம். 120 கிராம் ஜாடிக்கு 11 ரூபாய்கூட இல்லை. வாசனை எண்ணெயை இரண்டு சதவிகிதம் குறைத்ததில் அதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. அந்தப் பதினோரு ரூபாயைப் பார்த்துத்தான் மே மாதம் 7,500 ரூபாயை இழந்திருக்கிறோம்.

புரட்டாசியில், கொலுவுக்கு வருபவர்களுக்குக் கொடுக்க 25 ஜாடிகள் ஆர்டர் வந்தது. கேட்டது வேறு யாருமில்லை, கரூர் கல்யாணத்துப் பெண்ணின் அம்மா. "முன்பணத்தை அன்னிக்கே திருப்பிக் கொடுத்த பொண்ணு ஆச்சே" என்றாராம். அக்கா ஒவ்வொரு ஜாடியின் அடியிலும் ஒரு சின்னச் சீட்டு ஒட்டினார்: 'வெயிலிலும் பூட்டிய காரிலும் வைக்க வேண்டாம்.' காலை 6 மணிக்கு அனுப்பினார்.

அந்த ஆர்டரில் கூடுதலாகச் செய்த ஒரு ஜாடி, என் அறை அலமாரியில் இருக்கிறது. ஏசி இல்லாத அறை. இதை டைப் செய்வதற்கு முன் விரலால் அழுத்திப் பார்த்தேன். பள்ளம் விழவில்லை.

(அடுத்த வாரம்: பருத்தித் திரியா, மரத் திரியா? ஜாடியின் அகலத்துக்கு ஏற்ற திரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?)